மூலநிரலும் முதற்படியும்

ஒரு பழைய நூலைப் பதிப்பிக்கப் புகுவார் முதற்கண் வினவுவது, கையிலுள்ள படி எதனைப் பார்த்து எழுதப்பெற்றது என்பதே. அதற்கு முந்திய படி யாது, அதற்கும் முந்தியது யாது எனப் பின்னோக்கிச் செல்லுங்கால் ஓரிடத்தில் வழி அடைபட்டுவிடும். அவ்விடத்திற்கு அப்பால் உள்ளதை நம்பி ஏற்றல் வேண்டும். அன்றேல் ஐயுற்று ஒதுக்கல் வேண்டும். கணிப்பொறியின் மென்பொருளுக்கும் இவ்வினா உண்டு என்பதும், அதற்கு விடைகாணும் முயற்சி அரை நூற்றாண்டு வரலாறு உடையது என்பதும் தமிழாய்வாளர் பலருக்குப் புதியனவாகத் தோன்றலாம். மின்பதிப்புகளைக் கொண்டே சொல்லடைவும் ஒப்பீடும் செய்யும் நிலைக்கு நம் துறை வந்துவிட்டமையின், அப்பதிப்புகளைத் தாங்கிநிற்கும் கருவிகளின் வழிமுறையை அறிதல் நமக்குப் புறம்பான செயலன்று.

மென்பொருள் பெரும்பாலும் இரு வடிவில் உள்ளது. மாந்தர் எழுதுவதும் படித்துத் திருத்துவதும் மூலநிரல். பொறி ஏற்று இயக்குவது வெறும் எண்களாலாகிய பொறிநிரல். முன்னதைப் பின்னதாக ஆக்குவது கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி. மூலநிரல் ஒருவர் கையில் இருப்பினும் பொறி அதனை அறியாது. பொறிநிரல் இருப்பின் பொறி இயங்கும், மாந்தர்க்கு அது விளங்காது. இனி, நிரல்பெயர்ப்பியும் ஒரு மென்பொருளே ஆகலின், அதனையும் அதற்கு முந்தியதொரு பெயர்ப்பி பொறிநிரலாக்கியிருத்தல் வேண்டும். அம்முந்தியதை ஆக்கியது யாது? சிக்கல் ஈண்டுத் தொடங்குகின்றது.

லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பைப் பயில்வோருள் மிகப் பலர், பிறர் ஆக்கிவைத்த பொறிநிரற் பொதிகளைப் பெற்று நிறுவிக்கொள்கின்றனர். சிலர் மட்டும் ஒவ்வொரு பொதியையும் மூலநிரலிலிருந்து தாமே கட்டிக்கொள்கின்றனர். இவ்விரண்டாம் வழக்கத்தைப் பழைமையின் எச்சம் என்றும், பொதிகள் பெருகியபின் தேவையற்றுப்போன உழைப்பு என்றும் கூறுவார் உளர். அக்கூற்று பாதியே உண்மை. உழைப்பு என்ற அளவில் அது எச்சமே. ஆயின் படிகளின் மரபை ஆராயும் முறையாக அது வளர்ந்ததே யன்றித் தேயவில்லை என்பது எம் கருத்து. அதனை வரலாற்றால் காட்டுவாம்.

யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றியது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதன் ஆசிரியர். 1973-இல் அது, ரிச்சி வகுத்த சி மொழியில் மீண்டும் எழுதப்பெற்றது. அக்காலத்தில் பல்கலைக்கழகங்கள் அதனை மூலநிரலோடு காந்த நாடாவில் பெற்றன. பெற்றவர் தம் பொறிக்கேற்பத் திருத்திக் கட்டிக்கொண்டனர். மூலநிரலிலிருந்து கட்டுதல் என்பது அன்று ஒரு தனிக்கொள்கையாகக் கருதப்படவில்லை. அஃது இயல்பாயிருந்தது.

சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் பேராசிரியர், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருப்பகுதியை மாணவர்க்குப் பாடமாக வைத்தார். பத்தாயிரம் வரிக்குட்பட்ட அந்நிரலை ஒரு தொகுதியாகவும், அதற்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு தொகுதியாகவும் 1977-இல் அமைத்தார். மூலமும் உரையும் என்னும் அமைப்பு நமக்குப் பழகியதே. நிரலுக்கும் அவ்வாறு உரை எழுதலாம் என்பதை வேற்று மரபில் வந்த ஒருவர் தாமே கண்டது வியப்பிற்குரியது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் பாடமாக வைத்தலைத் தடுத்தது. அதன்பின் லயன்ஸின் உரை ஒளிநகல்களாகவே கைமாறிப் பரவிற்று. உரிமையோடு அச்சில் வெளிவர 1996-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூலம் மறைக்கப்பட்ட காலத்திலும் அதனைக் கற்கும் விழைவு மறையவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கட்டும் தொழிலுக்கு வேண்டிய கருவிகளும் அக்காலத்தனவே. 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை ஆக்கினார். அவருடைய நண்பர் ஒருவர், பிழை நீக்கிய மூலநிரலை மீண்டும் பொறிநிரலாக்க மறந்து, திருந்திய நிரலிலேயே ஒரு காலைப்பொழுது முழுவதும் பிழை தேடிக்கொண்டிருந்தார். எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது, எது மாறினால் எதனைப் புதுக்க வேண்டும் என்பவற்றைத் தானே அறியும் கருவி அதனால் பிறந்தது. அக்கருவிக்கான கட்டளைக் கோப்பில் சில வரிகள் 'டேப்' என்னும் இடைவெளிக் குறியோடு தொடங்குதல் வேண்டும். வெறும் இடைவெளி இட்டால் ஏலாது. இது வழு என்பதை ஃபெல்ட்மன் விரைவிலேயே உணர்ந்தார். எனினும் அதற்குள் பன்னிருவர் அளவில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டமையின், அவர்க்கு இடையூறு வேண்டாமென விட்டுவிட்டார். அப்பன்னிருவரின் பொருட்டு விடப்பட்ட வழு ஐம்பதாண்டுகளாக உலகெங்கும் வழங்கிவருகின்றது. ஏடெழுதுவோர் பிழை பாடமாக நிலைபெறும் வகையினை அறிந்தார்க்கு இது புதிதன்று.

இனி, மூலம் மறைக்கப்பட்டதற்கு எதிராக எழுந்த இயக்கத்தைக் காண்போம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தைச் சார்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983 செப்டம்பர் 27-இல் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸை ஒத்ததும், மூலநிரல் எவர்க்கும் உரிமையாவதுமான இயக்க அமைப்பைப் பகுதி பகுதியாக எழுதி முடித்தல் அதன் நோக்கம். முதலில் அவர் ஆயத்தமான நிரல்பெயர்ப்பி ஒன்றைத் தேடினார். ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஃப்ரீ யூனிவர்சிட்டியின் பெயர்ப்பியை வேண்டியபோது, 'ஃப்ரீ' என்னும் அடைமொழி பல்கலைக்கழகத்திற்கே உரியது, பெயர்ப்பிக்கு அன்று என்னும் கருத்தில் எள்ளலான விடை வந்தது. கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான வேறொரு பெயர்ப்பியை எடுத்துத் திருத்த முயன்றார். அஃது அக்காலப் பொறிகளின் நினைவகத்திற்கு அடங்கவில்லை. முடிவில் தாமே புதிதாக எழுதினார். 1987 மார்ச்சில் வெளிவந்த அதுவே ஜி.சி.சி. எனப்படுவது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஜி.சி.சி.யின் மூலநிரல் உரிமையுடையதாயினும், அதனைப் பொறிநிரலாக்கியவை அந்நாளைய யூனிக்ஸ் பொறிகளிலிருந்த, மூலம் மறைக்கப்பட்ட பெயர்ப்பிகளே. உரிமை மரபின் முதற்படியைப் பெயர்த்தெழுதியது உரிமையற்ற மரபின் கை. இக்குறையை ஒருவாறு ஈடுசெய்ய, ஜி.சி.சி.யைக் கட்டும் முறையிலேயே மும்முறைப் பெயர்ப்பு அமைந்துள்ளது. பொறியில் முன்னரே உள்ள பெயர்ப்பியால் முதற்படி ஆக்கப்படுகின்றது. அம்முதற்படியால் அதே மூலம் மீண்டும் பெயர்க்கப்பட்டு இரண்டாம் படி ஆகின்றது. இரண்டாம் படியால் மூன்றாம் படி ஆக்கப்படுகின்றது. பின்னர் இரண்டாவதும் மூன்றாவதும் எண்ணுக்கு எண் ஒப்புநோக்கப்படும். வேறுபாடு காணின் எங்கோ பிழை என்பது முடிபு. ஒப்பின், பெயர்ப்பி தன்னைத் தானே மாறாது பெயர்க்கின்றது என்பது பெறப்படும். அது மூலத்திற்கு உண்மையானது என்பது பெறப்படுமோ எனின், பெறப்படாது. இவ்வேறுபாட்டைப் பின்னர் விளக்குவாம்.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், கெர்னல் எனப்படும் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். மினிக்ஸ் என்னும் அமைப்பின் மேல் ஜி.சி.சி.யைக் கொண்டு அது கட்டப்பெற்றது. அவ்வாண்டிலேயே டேவிட் மெக்கன்சி 'ஆட்டோகான்ஃப்' என்னும் கருவியைத் தந்தார். பொறியின் இயல்பைச் சோதித்தறிதல், கட்டுதல், நிறுவுதல் என மூன்று கட்டளைகளால் ஒரு பொதியை ஆக்கும் வழக்கம் அதனால் பரவியது. 1993-இல் ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய வெளியீடுகள் தோன்றின. பின்னர் ரெட் ஹாட் முதலியன வந்தன. பொறிநிரற் பொதிகளின் காலம் இவற்றால் நிலைபெற்றது. இப்பகுதி பலரால் விரித்தெழுதப்பெற்றதாகலின் யாம் விரிக்கவில்லை.

அப்பொதிகளின் காலத்திலேதான் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்னும் நூல் தோன்றியது. ஜெரார்ட் பீக்மன்ஸ் என்பார் தொடங்கிய இந்நூலின் முதற்பதிப்பு 1999-ஆம் ஆண்டினது. அடிமுதல் லினக்ஸ் என அதன் பெயரைக் கூறலாம். இது மென்பொருள் அன்று, நூல் என்பதை அழுத்திக் கூறல் வேண்டும். ஏறத்தாழ எண்பது பொதிகளின் மூலநிரலை எங்ஙனம் பெறுவது, எவ்வரிசையில் கட்டுவது, ஒவ்வொன்றும் எதற்கு உரியது என்பவற்றை அது கூறுகின்றது. கற்பவர் தம் கையால் கட்டளைகளை இட்டு முடித்தால் இயங்கும் அமைப்பு ஒன்று கிடைக்கும். பதிப்புதோறும் புதிய மூலநிரல்களுக்கேற்ப நூல் திருத்தப்பெறுகின்றது.

அந்நூலின் வரிசைமுறையே அதன் உயிர். கற்பவரிடம் முன்னரே ஒரு லினக்ஸ் இருத்தல் வேண்டும். அதனைப் புரவலமைப்பு என்போம். அதிலுள்ள பெயர்ப்பியைக் கொண்டு, இணைப்பியும் அசெம்ப்ளரும் அடங்கிய 'பின்யுடில்ஸ்' என்னும் பொதியையும், ஜி.சி.சி.யையும் முதல் முறை கட்டுகின்றனர். அவ்வாறு கட்டுங்கால் பொறியின் பெயரில் ஒரு சொல்லை மாற்றியமைக்கின்றனர். பொறி அதுவே, பெயர் மட்டும் வேறு. பெயர் வேறாகவே, பெயர்ப்பி தான் வேறொரு பொறிக்காக நிரல் ஆக்குவதாகக் கொண்டு, புரவலமைப்பின் நிரலகங்களைத் தொடாது விலகிநிற்கும். பின்னர் 'ஜிலிப்சி' என்னும் பொதுநிரலகத்தையும் இடைக்காலக் கருவிகளையும் கட்டி, பின்யுடில்ஸையும் ஜி.சி.சி.யையும் இரண்டாம் முறை கட்டுகின்றனர். அதன்பின் புரவலமைப்பின் கோப்புகள் கண்ணுக்குப் புலப்படாத அடைப்பினுள் நுழைந்து, இறுதி அமைப்புக்கு உரிய அனைத்தையும் புதிதாகக் கட்டுகின்றனர்.

இடையில் ஒரு சோதனை கூறப்படுகின்றது. ஒன்றும் செய்யாத ஒருவரி நிரலை எழுதிப் பொறிநிரலாக்கி, அஃது இயங்குதற்கு எந்த இடத்திலுள்ள நிரலகத்தை நாடுகின்றது எனப் பார்த்தல் வேண்டும். புதிய அமைப்பிற்கு உரிய இடத்தை நாடின் நன்று. வேறிடத்தை நாடின், செய்தவை பிழைபட்டன. காரணம் அறியாது மேற்செல்லலாகாது என நூல் எச்சரிக்கின்றது. எண்பது பொதிகளின் தூய்மை அவ்வொருவரியில் சோதிக்கப்படுகின்றது.

நூலில் காலத்தை அளக்கும் முறையும் சுவையுடையது. கற்பவரின் பொறி ஒன்றுபோல் ஒன்று இராதாகலின் மணிக்கணக்கு கூறுதல் இயலாது. ஆதலின் பின்யுடில்ஸை முதல் முறை கட்டுதற்கு ஆகும் காலத்தை ஓர் அலகாகக் கொண்டு, ஏனைய பொதிகளுக்கு அதன் மடங்குகள் கூறப்படுகின்றன. முதற்பொதியைக் கட்டியவுடன் தம் உழைப்பின் அளவுகோலைக் கற்பவர் தாமே பெற்றுவிடுகின்றார்.

இத்துணையும் கூறியபின் நூற்பெயரை ஆராய்தல் வேண்டும். அடிமுதல் என்பது பொருந்துமோ? புரவலமைப்பின் பெயர்ப்பியே முதற்கருவிகளை ஆக்கியது. அதன் நிரலகங்களினின்று விலகுதல் கூடிற்று. அப்பெயர்ப்பியின் கையினின்று விலகுதல் கூடவில்லை. ஆகவே நூல் கற்பிப்பது அடிமுதற் கட்டுதல் அன்று. ஒரு மரபினின்று பிரிந்து தனித்து நிற்றல் என்பதே பொருந்தும். நூலாசிரியர் இதனை மறைத்தாரல்லர். புரவலமைப்பில் இருக்கவேண்டியவற்றை முற்பகுதியிலேயே வரிசைப்படுத்தியுள்ளனர்.

இக்குறை எத்துணைப் பெரிது என்பதை யூனிக்ஸ் ஆசிரியரே முன்னர்க் காட்டியிருந்தார். 1983-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்ற கென் தாம்சன், அதன்பொருட்டு ஆற்றிய உரை 1984 ஆகஸ்டில் அச்சாயிற்று. நுழைவுச்சொல்லைச் சோதிக்கும் நிரலைப் பெயர்க்கும்போது, தனக்கு மட்டும் தெரிந்த வேறொரு சொல்லையும் ஏற்கும்படி ஒரு பெயர்ப்பி திருட்டுவழி அமைக்கக்கூடும் என்றார். அவ்வளவில் நின்றால் பெயர்ப்பியின் மூலநிரலைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவர். ஆயின் அப்பெயர்ப்பி, பெயர்ப்பியின் தூய மூலத்தையே பெயர்க்குங்காலும் அத்திருட்டைத் தானே புகுத்துமாறு செய்யலாம். அதன்பின் மூலநிரலினின்று அவ்வரிகளை நீக்கிவிடலாம். மூலம் தூயது, படிதோறும் கறை தொடரும். மும்முறைப் பெயர்ப்பின் இரண்டாம் படியும் மூன்றாம் படியும் ஒத்தேயிருக்கும், இரண்டிலும் கறை உண்டாகலின். இக்கருத்திற்கு முன்னோடி தமக்கு உண்டு என்பதைத் தாம்சன் மறைக்கவில்லை. மல்டிக்ஸ் அமைப்பைப் பற்றிய அமெரிக்க வான்படையின் ஆய்வறிக்கை ஒன்றைச் சுட்டினார். கார்கர், ஷெல் என்னும் இருவர் 1974-இல் எழுதியது அது.

நம் பதிப்பாசிரியர்க்கு இத்தகைய இடர் நேர்ந்ததில்லை. ஏடெழுதுவோன் இடைச்செருகல் செய்வான். அவன் எழுதிய ஏட்டிலே அது நிற்கும், கற்றோர் கண்டு நீக்குவர். இங்கோ இடைச்செருகல் ஏட்டில் இல்லை. எழுதும் கையில் உள்ளது.

தாம்சன் காட்டிய இடர்க்கு மாற்று இல்லை என நெடுங்காலம் கருதப்பட்டது. டேவிட் வீலர் என்பார் 2005-இல் ஒரு கட்டுரையாலும், 2009-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டாலும் மாற்று ஒன்றை நிறுவினார். ஐயத்திற்குரிய பெயர்ப்பியின் மூலநிரலை, அதனோடு தொடர்பில்லாத வேறொரு பெயர்ப்பியால் முதலில் பெயர்த்தல் வேண்டும். அவ்வாறு கிடைத்ததைக் கொண்டு அம்மூலத்தையே மீண்டும் பெயர்த்து, ஐயத்திற்குரிய படியோடு ஒப்புநோக்கல் வேண்டும். இரண்டும் எண்ணுக்கு எண் ஒத்தால், இரு வேறு பெயர்ப்பிகளும் ஒரே கறையை உடையன அல்ல என்னும் அளவில், மூலமும் படியும் ஒத்தன என்பது துணிபு. தொடர்பற்ற இரு மரபின் படிகள் ஒரு பாடத்தில் ஒத்தால் அப்பாடம் பழையது எனக் கொள்ளும் நம் முறையோடு இஃது ஒத்திருத்தல் காண்க.

இவ்வொப்பீடு செய்தற்கு ஒரு மூலத்தை எவர் எங்கே கட்டினும் ஒரே படி கிடைத்தல் வேண்டும். நடைமுறையில் அவ்வாறு கிடைப்பதில்லை. கட்டிய நாளும் நேரமும், கோப்பு இருந்த இடத்தின் பெயர், கோப்புகளை எடுத்த வரிசை ஆகியன படியினுள் புகுந்துவிடுகின்றன. இவற்றைக் களைந்து படிகளை ஒருநிலைப்படுத்தும் முயற்சி 2013-இல் டெபியன் வெளியீட்டார் இடையே தொடங்கிப் பிற வெளியீடுகளுக்கும் பரவியது.

மற்றொரு முயற்சி முதற்படியையே சுருக்குவது. கூக்ஸ் என்னும் அமைப்பில், மூலமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டிய பொறிநிரல்களின் அளவு 2019-இல் பாதியாகவும், 2020-இல் கால்பங்காகவும் குறைக்கப்பெற்றது. 2023-இல் பெயர்ப்பி மரபின் வித்து 357 பைட்டு அளவினதாயிற்று. அதனைத் தாளில் எழுதி, ஒவ்வோர் எண்ணின் பொருளையும் ஒருவர் கையாற் சரிபார்த்துவிடலாம். அச்சிறு நிரல் சற்றே பெரியதொன்றை ஆக்கும். அது மற்றொன்றை ஆக்கும். இவ்வாறு ஏறி, யான் நியூவென்ஹைசன் தொடங்கிய 'மெஸ்' என்னும் கருவியை அடைந்து, ஃபப்ரீஸ் பெல்லார்டின் சிறு சி பெயர்ப்பி வழியாக ஜி.சி.சி. 2.95-ஐக் கட்டுகின்றனர். 1999-இல் வெளிவந்த அப்பழம் பதிப்பை இன்று வேறு பணிக்குக் கொள்வோர் மிகச் சிலரே. ஆயினும் அஃதின்றி மேலேற இயலாது. ஜி.சி.சி. 2013-இல் வெளிவந்த 4.8-ஆம் பதிப்பு முதல் சி++ மொழிப் பெயர்ப்பியை வேண்டுவதாயிற்று. சி மொழிப் பெயர்ப்பியால் மட்டும் கட்டத்தக்க பதிப்புகள் அதற்கு முந்தியனவே. பழம்பதிப்புகளை அழித்திருந்தால் இவ்வேணியின் நடுப்படிகள் இல்லாதொழிந்திருக்கும். இவ்வேணியிலும் ஐயம் முற்றும் ஒழிந்ததன்று. கருப்பகுதியும், கட்டுதலை நடத்தும் சில கருவிகளும் கூக்ஸில் இன்னும் முன்னரே ஆக்கப்பட்டனவாகவே கொள்ளப்பட்டன.

பெயர்ப்பியின் கறை ஒருபுறமாக, மூலத்தைத் தரும் கட்டிலேயே கறை படிந்த நிகழ்ச்சி 2024-இல் வெளிப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்-இசட்' என்னும் சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு வெளியீடுகளில், தொலைவிலிருந்து பொறியினுள் நுழைவதற்குத் திருட்டுவழி அமைக்கப்பட்டிருந்தது. ஆந்திரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், நுழைவுக்கு அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்து, மார்ச் 29-இல் இதனை அறிவித்தார். நஞ்சு, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் பொறிநிரலாக மறைந்திருந்தது. அதனை எழுப்பும் வரிகளோ, யாவரும் காணும் மூலக்களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தன. ஆசிரியர் ஏடும் பரவிய படியும் வேறுபட்டன. ஒப்புநோக்கியவர் அதுவரை இலர்.

வெளியீட்டுக் கட்டின் உண்மையைச் சரிபார்ப்பதற்கெனத் தரப்படும் சரிபார்ப்பு எண்களால் இங்குப் பயன் விளையாது. பெற்ற கட்டும் வெளியிட்ட கட்டும் ஒன்றே என்பதை அவை காட்டும். வெளியிட்ட கட்டு மூலத்தோடு ஒத்தது என்பதைக் காட்டா. எவர் கட்டினும் ஒரே படி வரும் முறையாலும் இது வெளிப்பட்டிராது. நஞ்சுடைய கட்டு, ஒரே சூழலில் எத்தனை முறை கட்டினும் நஞ்சுடைய ஒரே படியைத் தரும்.

அவ்வரிகளில் அமைந்த நிபந்தனை ஒன்றை இவ்வரலாற்றில் குறித்தல் தகும். டெபியன் முறையிலோ ரெட் ஹாட்டின் பொதிமுறையிலோ பொதி கட்டப்படுகின்றதா என்பதை அவை முதலில் சோதித்தன. அவ்வாறாயின் மட்டுமே நஞ்சை எழுப்பின. அதே கட்டைப் பெற்று 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' கூறும் வழியில் தம் கையாற் கட்டியவர்க்கு நஞ்சு எழவில்லை. இஃது அவர்தம் விழிப்பால் நேர்ந்ததன்று. பலர்க்கு ஒரே படியை வழங்கும் இடத்தையே இடைச்செருகல் செய்தோன் குறிவைத்தான். தனித்தனியே கட்டுவோரை அவன் பொருட்படுத்தவில்லை.